கடைமடைப் பிள்ளைகள்

மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால், நம் காரைக்கால் நெரவியில் யாரும் அன்றைக்கே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்கு ஓடுவதில்லை. நாம் கடைமடைக்காரர்கள். அணையில் திறப்பது வேறு, நம் வயலில் ஏறுவது வேறு என்பது நமக்குத் தெரியும். காரைக்கால் பகுதிக்காக ஆண்டுக்கு 7 டி.எம்.சி. என்று காவிரி நடுவர் மன்றம் 2007-இல் தீர்ப்பு எழுதியது. தீர்ப்பில் எழுதிய தண்ணீர் பயிருக்கு வந்து சேர வேண்டுமானால் வாய்க்கால் தூர் வாரியிருக்க வேண்டும், ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையில் போட்டிருக்க வேண்டும், மேலே இருக்கிறவன் மடையை அடைக்காமல் இருக்க வேண்டும்.

பெற்றோரே, நம் பிள்ளைகளின் செபத்தைப் பற்றிப் பேசத்தான் தண்ணீரில் தொடங்கினேன். விசுவாசத்தில் நம் பிள்ளைகள் கடைமடையில் நிற்கிறார்கள். மேலே தண்ணீருக்குக் குறைவில்லை. நடுவில் வாய்க்காலாக இருக்க வேண்டிய நாம்தான் தூர்ந்து கிடக்கிறோம்.

எவ்வளவு தூரம் ஓடி வந்த தண்ணீர் இது! 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. ஊர்க்காரர்களை உட்கார வைத்து, விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தர் கற்பித்த செபத்தையும் தமிழில் சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியோடு தெருத் தெருவாக நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். அவர் சொல்லிக் கொடுத்ததைப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 1578 அக்டோபர் 20-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் அதுதான். 16 பக்கம். செபமும் மறைக்கல்வியும் சொல்லும் புத்தகம். அதை உருவாக்கிய என்ரிக்கே என்ரீக்கசு அடிகளார் தமிழைக் கற்றுக்கொண்டு அந்த வேலையைச் செய்தார். நமக்கு வடக்கே, இதே கடற்கரையில், தரங்கம்பாடியில் 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியது. ஒரு சாமானியன் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தன் மொழியில் கடவுளோடு பேச வேண்டும் என்பதற்காக இத்தனை பேர் இத்தனை பாடுபட்டார்கள்.

அந்தச் செபம் இன்றைக்கு நம் வீட்டில் எந்த நேரத்தில் கேட்கிறது? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு நம் தெருவில் நடந்து பாருங்கள். பள்ளிவாசலில் மஃரிபு பாங்கு சொல்கிறார்கள். கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு ஆண்கள் தொழுகைக்குப் போகிறார்கள். பக்கத்து வீட்டு அம்மா வாசல் தெளித்து விளக்கேற்றுகிறார். கோயில் மணியும் அடிக்கிறது. அது மூவேளை செபத்துக்கான மணி என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? நம் பாட்டிமார் அந்த மணி கேட்டால் அரிசி களைகிற கையை அப்படியே நிறுத்தி, முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டு நிற்பார்கள். நம் வீட்டில் அந்த நேரத்தில் தொலைக்காட்சித் தொடரின் ஓசை. பிள்ளை டியூஷனில் இருக்கிறான், நாம் போனில் இருக்கிறோம்.

கேட்டால் தயாராக ஒரு பதில் வைத்திருக்கிறோம். “ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்விக்கு அனுப்புறோமே, சிஸ்டர் சொல்லித் தர்றாங்களே.” வாரத்தில் ஒரு மணி நேரம் சிஸ்டர் நாற்று விட்டுத் தருகிறார், மீதி நாளெல்லாம் தண்ணீர் காட்ட வேண்டிய வயல் யாருடையது? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்றே அழைத்தது. பிள்ளைகளுக்கு முதலில் விசுவாசத்தை அறிவிக்க வேண்டியவர்கள் பெற்றோர் என்றது. சொல்லாலும் முன்மாதிரியாலும் என்று சேர்த்தே சொன்னது. அந்தப் பொறுப்பை நாம் மாதச் சந்தாவோடு பங்கு அலுவலகத்தில் கட்டிவிட்டு வந்துவிட்டோம்.

புதுநன்மைக்கு வெள்ளை கவுன் தைக்கக் காரைக்கால் கடைத்தெருவை நான்கு முறை சுற்றுகிறோம். போட்டோகிராபருக்கு முன்பணம் கொடுக்கிறோம், மண்டபம் பிடிக்கிறோம். அந்த நன்மையை வாங்கிய பிள்ளை அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு வரவில்லை என்றால் “லீவு நாள்ல தூங்கட்டும், பாவம்” என்கிறோம். பத்தாம் வகுப்புத் தேர்வு வந்தால் மட்டும் பேனாவை மந்திரித்து வாங்க வரிசையில் நிற்கிறோம். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்கிறோம். நேர்த்திக்கடனைக் குறை சொல்லவில்லை, நானும் செய்கிறவன்தான். ஆனால் ஆண்டு முழுக்கப் பேசாத கடவுளிடம் மார்ச் மாதம் மட்டும் மனு எழுதிப் போடப் பழக்கினால், பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? மதிப்பெண் குறைந்த அன்றைக்கே அந்த மனுவைக் கிழித்துப் போட்டுவிடும்.

அப்பாக்களே, உங்களோடு தனியாகப் பேச வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆகஸ்டு கடைசியில் காவி உடுத்திப் பாதயாத்திரை வருகிறவர்களுக்கு நாம் மோர் கொடுக்கிறோம், தண்ணீர் கொடுக்கிறோம். நாமும் காவி கட்டி, செருப்பில்லாமல் வேளாங்கண்ணிக்கு நடக்கிறோம். ஆகஸ்டு 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 திருநாள் வரை நாக்கை அடக்கி, குடியை விலக்கி விரதம் காக்கிறோம். ஒன்பதாம் தேதி? மற்ற ஊர்க்காரன் எல்லை தாண்டி நம் பகுதிக்கு வந்து குடித்துவிட்டுப் போகிறான். நமக்கோ கடை தெருமுனையிலேயே இருக்கிறது. விரதத்தின் அப்பாவையும் ஒன்பதாம் தேதி அப்பாவையும் ஒரே பிள்ளைதான் பார்க்கிறது. இரண்டில் எது மெய் என்று அது முடிவு செய்துகொள்ளும், நம்மைக் கேட்காது.

செபத்தை வாழ்க்கையிலிருந்து கழற்றி வைக்கிற இன்னொரு இடமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவனில்லை. 1745-ஆம் ஆண்டில் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் புதுச்சேரிக் கோயில் ஒன்றைப் பற்றி எழுதுகிறார். உள்ளே சாதி பார்த்து மக்களைப் பிரித்துவைத்த சுவர் இருந்தது. ஒதுக்கப்பட்டவர்கள் குருவிடம் நியாயம் கேட்க, அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. அதே 1745-இல், மே 14-ஆம் நாள், தெற்கே வடக்கன்குளத்தில் திருவிதாங்கூர் அரண்மனை ஊழியர் ஒருவர் திருமுழுக்குப் பெற்றார். தேவசகாயம் என்று பெயர் பெற்றார். துறவியில்லை, குருவில்லை; நம்மைப் போல மனைவியோடு குடித்தனம் நடத்தியவர். பொருள் நட்டத்தில் மனம் உடைந்திருந்தபோது தளபதி டிலனாய் சொன்ன யோபுவின் கதை அவரைத் திருப்பியது. மேல்சாதியில் பிறந்தவர், எல்லாரோடும் சமமாகப் பழகினார். மதம் மாறியதோடு அந்தக் குற்றமும் சேர்ந்துகொள்ள, சங்கிலி மாட்டி, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப் போய், 1752 ஜனவரி 14-இல் காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-இல் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது.

அவர் படத்தை நம் வீட்டில் மாட்டியிருக்கிறோம். அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, மகளின் தோழியைப் பற்றி “அவ எந்தத் தெரு?” என்று கேட்கிறோம். கல்யாணப் பேச்சில் முதல் கேள்வியாக எதைக் கேட்கிறோம் என்பது நமக்கே தெரியும். கோயிலுக்குள் இருந்த சுவரை 1745-இல் இடித்தார்கள். வீட்டுக்குள் இருப்பதை யார் வந்து இடிப்பது? அருள் நிறைந்த மரியே சொன்ன அதே வாயில் இந்தப் பேச்சு வருவதைப் பிள்ளை கேட்கிறது. செபம் என்பது வெறும் வாய்ப்பாடம் என்று அன்றைக்கே அதற்குப் புரிந்துவிடுகிறது.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சென்ற அக்டோபர், செபமாலை மாதம். மழை தூறிக்கொண்டிருந்தது, கரண்டு இல்லை. பாய் விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, கொசுவர்த்திச் சுருளைப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தோம். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் கர்த்தர் கற்பித்த செபத்தைத் தொடங்கினான். மன்னிப்பைக் கேட்கிற வரி வந்ததும் நின்றுவிட்டான்.

“அப்பா, நாம சித்தப்பாவ மன்னிச்சிட்டோமா?”

“செபத்த முடி முதல்ல.”

“இல்லப்பா. மன்னிக்கலன்னா இந்த வரிய எப்படிச் சொல்றது?”

என் மனைவி மெழுகுவர்த்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பதில் வரவில்லை. என் தம்பியின் நிலம் எனக்கு அடுத்த கீழ் மடை. ஒரு சொல்லில் தொடங்கிய சண்டையில், இரண்டு போகமாக நான் மடையை மண் போட்டு அடைத்து வைத்திருந்தேன். அவன் சுற்றி வளைத்து வேறு வாய்க்காலில் தண்ணீர் எடுத்தான். அதைப் பையன் வரப்பில் நின்று பார்த்திருக்கிறான். இரவு தவறாமல் செபமாலை சொல்லும் அப்பாதான் காலையில் மண்வெட்டியோடு நிற்கிறார் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆகவே, பெற்றோரே, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முன் கால் மணி நேரம் கொடுங்கள். தொலைக்காட்சியை நிறுத்துங்கள், போனை அரிசிப் பானை மேல் வையுங்கள். ஐம்பத்து மூன்று மணி சொல்ல முடியாவிட்டால் ஒரு பத்து மணி சொல்லுங்கள், ஆனால் ஓடாமல் சொல்லுங்கள். அன்றைய நற்செய்தியைப் பிள்ளை வாசிக்கட்டும். செபத்தை அப்பா தொடங்கட்டும். அம்மாவின் வேலை என்று ஒதுங்காதீர்கள். வளைகுடாவிலோ பிரான்சிலோ வேலையில் இருக்கிறவர்கள், வீட்டுக்குப் பேசும்போது “பணம் வந்துச்சா?” என்பதற்கு முன்னால் பிள்ளையோடு ஒரு செபம் சொல்லுங்கள். பிரான்சில் அது பிற்பகல்தான். பத்து நிமிடம் கிடைக்கும்.

பிறகு, அந்தச் செபம் வாசலைத் தாண்டிப் போகட்டும். என் அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போடுவார். பிடியரிசி. மாதக் கடைசியில் அது இல்லாதவர் வீட்டுக்குப் போகும். நான் சின்ன வயதில் என் கையால் போட்ட பிடி எவ்வளவு சின்னது என்பது இன்னும் நினைவிருக்கிறது. இல்லாதவர்களைப் பற்றிக் கேட்ட பிரசங்கங்கள் மறந்துவிட்டன, அந்தப் பிடி மறக்கவில்லை. உங்கள் பிள்ளையின் கையால் போட வையுங்கள். நோயாளியைப் பார்க்கப் போகும்போது கூட்டிப் போங்கள். தவறு செய்தால் பிள்ளையிடமே மன்னிப்புக் கேளுங்கள். குறைந்து போய்விட மாட்டோம்.

அந்த மழை இரவுக்கு மறுநாள் காலை நான் வயலுக்குப் போனேன். பையனும் கூட வந்தான். அடைத்திருந்த மண் இறுகிக் கிடந்தது, வேர் பாய்ந்திருந்தது. பத்து வெட்டு வெட்ட வேண்டியிருந்தது. முதலில் கலங்கலாகத்தான் தண்ணீர் இறங்கியது. தம்பி தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விட்டான். இன்னும் சரியாகப் பேசவில்லை. பொங்கலுக்குக் கரும்பு மட்டும் கொடுத்தனுப்பினான்.

அன்றிரவு என் மகன் அந்த வரியில் நிற்கவில்லை.