ஓசூரும் ஜப்பானிய விளையாட்டுத் தொழிலும்

ஓசூர் சிப்காட் வட்டாரத்தில் காலை முறை மாறும் வேளையில் சற்று நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு விசேஷம் புலப்படும். சீருடை அணிந்து ஆலைகளுக்குள் செல்லும் கூட்டம் ஒரு புறம். ஜூஜூவாடியைக் கடந்து, அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூருக்குப் பஸ் ஏறும் படித்த வாலிபர் கூட்டம் மற்றொரு புறம். பஸ் வரும்வரை இரு சாராரும் கைப்பேசியில் ஏதேனும் ஓர் ஆட்டத்தில் மூழ்கியிருக்கின்றனர். அக்கைப்பேசியின் உறுப்புகள் சில இதே ஜில்லாவில் நம் பெண்களின் கைகளால் செய்யப்பட்டவையாக இருக்கலாம். அதில் ஓடும் ஆட்டமோ, பெரும்பாலும், கடல் கடந்து வந்தது.

பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றி எழுதப் புகுந்தோமே என்று பெரியோர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். உலகத்துச் சினிமாக் கொட்டகைகளின் வசூலையெல்லாம் ஒன்று சேர்த்தாலும் இத்தொழிலின் வருமானத்துக்கு ஈடாகாது என்பதை அவர்களுக்கு விநயத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். பணம் வைத்தாடும் ரம்மி முதலிய ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட் சட்டம் இயற்றியதை நாம் வரவேற்கிறோம். குடும்பங்களைக் குடிகெடுத்த சூது அது. நாம் இங்கே பேசுவது வேறு: கதையும் சித்திரமும் சங்கீதமும் கணிதமும் கூடிய ஒரு புதிய கைத்தொழிலைப் பற்றி.

இத்தொழிலில் நெடுங்காலம் முடிசூடியிருந்தவர்கள் ஜப்பானியர். கியோட்டோ நகரில் 1889-இல் சீட்டுக் கட்டுகள் செய்யத் தொடங்கிய நின்டெண்டோ என்னும் ஸ்தாபனம், 1983-இல் வீட்டுத் தொலைக்காட்சியில் பொருத்தி ஆடும் பெட்டியொன்றை வெளியிட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவில் இத்தொழில் குப்புற விழுந்திருந்தது. விழுந்தவனின் சந்தையை ஜப்பானியன் எடுத்துக்கொண்டான். ஏறக்குறைய 6 கோடிப் பெட்டிகள் விற்றன. தொண்ணூறுகளில் நம் நடுத்தரக் குடும்பங்களுக்குள் நுழைந்த டி.வி. கேம் பெட்டிகளிற் பல, அந்தப் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல்களே. 1994-இல் சோனியும் பிளேஸ்டேஷனுடன் களத்தில் இறங்கிற்று.

அந்த ஆதிக்கம் பிற்காலத்தில் ஆட்டங் கண்டது. ஸேகா ஸ்தாபனம் 2001-இல் பெட்டி செய்வதையே கைவிட்டது. ஸ்குவேரும் எனிக்ஸும் 2003-இலும், பண்டாயும் நாம்கோவும் 2005-இலும் ஒன்றாயின. 2006-க்குப் பின் வந்த புதிய யந்திரங்களுக்கு ஆட்டம் செய்யப் பன்மடங்கு ஆட்களும் பணமும் தேவைப்பட்டன. மேனாட்டார் பலருக்கும் பொதுவான மென்பொருள் கருவிகளை வைத்துக்கொண்டு வேலையைச் சுருக்கினர். ஜப்பானியரோ ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கருவியைப் புதிதாய் வார்த்துக்கொண்டிருந்தனர். வெளியாரிடம் கற்பதற்கு அவர்கள் தயங்கினர் என்றே நாம் கருதுகிறோம். 2016-இல் சோனியின் விளையாட்டுப் பிரிவு தன் தலைமை அலுவலகத்தைக் கலிபோர்னியாவில் வைத்துக்கொண்டது. 2020-இல் சீன ஸ்தாபனமொன்று, ஜப்பானியரின் சித்திரப் பாணியையே கையாண்டு ‘கென்ஷின் இம்பாக்ட்’ என்னும் ஆட்டத்தைச் செய்து, ஜப்பானியருக்கே விற்றது. சிஷ்யன் குருவின் வீட்டு வாசலிலேயே கடை விரித்தான்!

எனினும் ஜப்பான் மாய்ந்துவிடவில்லை. 2017-இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 15 கோடிக்கு மேல் விற்றது. அந்த யந்திரம் உருவாவது சீனத்திலும் வியட்நாமிலும். மாரியோவும் போக்கிமோனும் யாருடையவை? அவை கியோட்டோவையும் டோக்கியோவையும் விட்டு அகலவில்லை. ஸேகா தன் பெட்டியை இழந்தும், ஸோனிக் என்னும் முள்ளெலியால் இன்றும் பிழைத்திருக்கிறது. பெட்டியை எந்தத் தேசத்து ஆலையும் செய்யலாம்; கூலி குறைந்த இடம் கண்டால் அது மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும்.

இந்தக் கடைசி விஷயம்தான் ஓசூருக்கு உரியது. இன்று கிருஷ்ணகிரி ஜில்லாவில் ஐபோன் உறுப்புகள் செய்யும் டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையும், போச்சம்பள்ளியில் ஓலா மின்சார ஸ்கூட்டர் ஆலையும் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்களில் அடுப்பெரிவது இவற்றால். அவற்றைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. ஆனால் வியட்நாமுக்கு நேர்ந்த பாக்கியம் வியட்நாமோடு நிற்பதில்லை என்பதை மறக்கலாகாது.

யந்திரம் செய்பவன் அதன் யோசனைக்கும் உடையவனாவது எப்படி என்பதை ஓசூர் பிறரிடம் போய்க் கேட்க வேண்டியதில்லை. டி.வி.எஸ். கம்பெனியார் சுஸுகி என்ற ஜப்பானிய ஸ்தாபனத்தின் கூட்டுறவுடன் 1984-இல் மோட்டார் சைக்கிள் வெளியிட்டனர். கற்க வேண்டியதைக் கற்றனர். 2001-இல் கூட்டுப் பிரிந்தபோது, ‘இனி இவர்கள் கதி என்ன?’ என்று கேட்டவர்கள் உண்டு. அதே ஆண்டில் தாமே வகுத்த ‘விக்டர்’ வண்டி வெளிவந்தது. அடுத்த ஆண்டில் ஜப்பானியரின் டெமிங் பரிசும் வந்தது. இரும்பில் சாதித்ததைச் சித்திரத்திலும் கதையிலும் சாதிக்க நமக்கு என்ன தடை?

கதைக்குப் பஞ்சமா? 2023-இல் கனடாவின் டொரொண்டோவிலிருந்து ‘வெண்பா’ என்றோர் ஆட்டம் வெளிவந்தது. செய்தவர்கள் விசை கேம்ஸ் என்னும் சிறு குழுவினர். எண்பதுகளில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்த் தாய், தன் தாயின் சிதைந்த சமையற் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லி அவிப்பதும், மகன் தமிழை விட்டு விலகிப் போவதும் அதன் விஷயம். துப்பாக்கி இல்லை, கொலை இல்லை. 2024-இல் அதற்குப் பிரிட்டனின் பாஃப்டா பரிசு கிடைத்தது. நின்டெண்டோவின் ஸ்விட்சிலும் சோனியின் பெட்டியிலும் அது விற்கப்படுகிறது. இட்லியை உலகம் ஏற்றுக்கொண்டது; அவித்தவர் மட்டும் டொரொண்டோவில் இருந்தார்.

அடுத்த வீட்டார் என்ன செய்தனர் என்பதையும் பார்ப்போம். பெங்களூரில் துருவா ஸ்தாபனம் 1997-இலேயே இத்தொழிலைத் தொடங்கிற்று. 2019-இல் அது அமெரிக்க ராக்ஸ்டார் வசம் சென்றது வேறு கதை. கர்நாடக சர்க்கார் 2012-இலேயே சித்திர அசைவு, விளையாட்டு முதலிய தொழில்களுக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. 2024-இல் அதைப் புதுப்பித்தது. நம் வாலிபர்கள் அத்திப்பள்ளியைக் கடந்து போவதற்கு இது ஒரு காரணம் என்று சொன்னால் பிழையாகாது.

இத்தொழிலுக்கு நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலம் வேண்டாம். தென்பெண்ணையின் நீர் வேண்டாம். விவசாயியின் மாந்தோப்பைக் கேட்க வேண்டாம். ஓசூரை அடுத்த விசுவநாதபுரத்தில் எல்காட் நிறுவனத்தின் பூங்கா இருக்கிறது. அங்கே ஒரு கூடத்தை இதற்கென ஒதுக்கி, சிறு குழுக்களுக்குச் சொற்ப வாடகைக்கு விடலாம். ஓர் ஆட்டம் முடிய இரண்டு மூன்று வருஷம் பிடிக்கும்; அதுவரை தாக்குப் பிடிக்கச் சிறு தொகையைக் கடனாகவன்றி மானியமாகவே தரவேண்டும். ஜில்லாவிலுள்ள என்ஜினீயரிங் கல்லூரிகள் சித்திரக்காரரையும் தமிழ் படித்தவரையும் கணித மாணவருடன் ஒரே மேஜையில் உட்கார வைக்கவேண்டும். ஆலை முதலாளிகளும் இதில் கை கொடுக்கலாம். ஆயினும் முதலடி சென்னைக் கோட்டையிலிருந்துதான் வரவேண்டும். பெரிய ஆலைகளுக்குக் கோடி கோடியாய்ச் சலுகை அளிக்கும் சர்க்கார், அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கும் ஒரு வரி எழுதுகிறதா என்று பார்க்கக் காத்திருக்கிறோம்.