ஏகமனதாகத் தேர்வு செய்யப்பட்டது

எங்கள் காலத்தில் வானூர் பக்கத்தில் ஆசிரியர் பயிற்சி முடித்தவன் செய்கிற முதல் வேலை கடலூருக்கு பஸ் ஏறுவதுதான். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-ல். அதுவரை நாம் தென்னாற்காடு. புதுச்சேரிக்குள் புகுந்து மறுபக்கமாக வெளியே வந்து, கடலூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வரிசையில் நின்று பதிவு செய்துவிட்டு வருவோம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மறந்துவிட்டால் சீனியாரிட்டி போச்சு. அந்த அட்டையை ரேஷன் கார்டோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தவர்கள் இதைப் படிக்கிறவர்களிலும் இருப்பீர்கள்.

சீனியாரிட்டி முறையில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். இருபது வருடம் காத்திருந்து, தலை நரைத்த பிறகு முதல் வகுப்புக்குள் நுழைந்தவர்கள் உண்டு. படித்ததில் பாதி மறந்திருக்கும். ஆனாலும் ஆணை கையில் கிடைத்த அன்று யார் வீட்டுக்கும் போய் மாலை போட வேண்டியிருக்கவில்லை. எனக்கு முந்தைய தலைமுறை ஆசிரியர்களைக் கேட்டால்தான் இதன் அருமை தெரியும். ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனது 1981 ஜூன் 1 முதல். அதற்கு முன்பு அவர்கள் ஒன்றியத்தின் ஆட்கள். தலைவர் முகம் கோணினால் கடற்கரை ஓரத்தில் இருந்தவர் மறுவாரம் திருவக்கரைப் பக்கம் சைக்கிள் மிதிப்பார் என்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு மாற்றத்துக்காக எம்.ஜி.ஆரை வாழ்த்தாத பழைய வாத்தியார் குறைவு.

1987-ல் ஆசிரியர் தேர்வு வாரியம் வந்தது. 2012-ல் டெட் வந்தது. முதல் டெட் நினைவிருக்கிறதா? ஆறரை லட்சம் பேருக்கு மேல் எழுதி, தேறியவர்கள் 2,448 பேர்தான். பிறகு மதிப்பெண் தளர்வு, வெயிட்டேஜ், அதை எதிர்த்து வழக்கு, 2018-ல் டெட் தேறியவர்களும் இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று அரசாணை. 2013-ல் தேறிய பிள்ளைகள் பலர் வருடக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். இடைநிலை ஆசிரியர் பணிக்கான போட்டித் தேர்வு நடந்தது 2024 ஜூலையில். இந்தக் குழப்பத்தை எல்லாம் எல்லோரும் திட்டிவிட்டோம், நானும் திட்டியிருக்கிறேன். நான் இங்கே சொல்ல வருவது வேறு. தேர்வு நடக்காத அந்த வருடங்களில் பள்ளிக்கூடம் மூடியா இருந்தது? காலி இடத்தில் யாரோ ஒருவர் நின்று பாடம் நடத்தினார். அவரை யார் தேர்ந்தெடுத்தார்கள்? அரசியல் உள்ளே வருகிற கதவு அதுதான்.

நான் உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்தபோது கணக்கு ஆசிரியர் மாறுதலில் போய்விட்டார். ஜூன் போய் ஜூலை பாதியாகியும் மாற்று ஆள் வரவில்லை. பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் தற்காலிகமாக ஒருவரைப் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். இரண்டு விண்ணப்பம் வந்தது. ஒன்று, எங்கள் பள்ளியிலேயே படித்த பெண். காலனியிலிருந்து நடந்து வந்தவள். பி.எஸ்ஸி. கணக்கில் முதல் வகுப்பு, பி.எட். முடித்திருந்தாள். பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் நடத்திக் காட்டச் சொன்னேன். வடிவியலில் தேற்றத்தை அவள் போர்டில் போட்ட விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. இன்னொருவர் ஒரு இளைஞர். படிப்பு அதேதான், மதிப்பெண் குறைவு. பாடம் நடத்திக் காட்ட வரவில்லை. அவருக்குப் பதிலாக ஒரு ஆள் வந்தார், மடித்த கடிதத்தோடு.

"அண்ணன் குடுத்து அனுப்பினாரு. படிச்சிட்டுத் திருப்பிக் குடுத்துடுங்க சார்."

படித்தேன். திருப்பிக் கொடுத்தேன். எந்தக் கட்சி அண்ணன் என்று கேட்காதீர்கள். ஆட்சி மாறிய பிறகும் கடிதம் கொண்டு வந்த ஆள் மாறவில்லை, வேட்டியின் கரைதான் மாறியது. பள்ளிக்குச் சுற்றுச்சுவர் வேண்டி மனு கொடுத்து இரண்டு வருடமாக நடந்துகொண்டிருந்தேன். அதை முடித்துக் கொடுக்க வேண்டியதும் அதே அண்ணன்தான். கழகக் கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. தீர்மானப் புத்தகத்தில் "ஏகமனதாகத் தேர்வு செய்யப்பட்டது" என்று என் கையால் எழுதி, இளைஞர் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டேன். நேர்மையானவன் என்று பேர் வாங்கியவன் நான். ஓய்வு பெற்ற அன்று மேடையில் நாலு பேர் அதைச் சொன்னபோது எனக்கு அந்தப் பக்கம்தான் ஞாபகம் வந்தது.

அந்தப் பையன் கெட்டவன் இல்லை. ஆனால் நேரத்துக்கு வர மாட்டான். கேட்டால், "அண்ணன் வேலையா திண்டிவனம் போயிருந்தேன் சார்" என்பான். அதற்கு மேல் நான் என்ன கேட்பது? தலைமை ஆசிரியர் போட்ட ஆள் தலைமை ஆசிரியருக்குப் பதில் சொல்வார். அண்ணன் போட்ட ஆள் அண்ணனுக்குத்தான் சொல்வார். அந்த வருடம் பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறிய பிள்ளைகளின் பெயர்களை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவர்களில் இரண்டு பேரைக் கல்குவாரி லாரிகளில் பார்த்திருக்கிறேன்.

2022 ஜூனில் இதே கதவைப் பெரிதாகத் திறந்தார்கள். மாநிலம் முழுக்க 13,331 இடங்களை, பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக நிரப்பலாம் என்று உத்தரவு. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுநிலைக்கு 12,000 ரூபாய். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஜூலை முதல் தேதியே இடைக்காலத் தடை போட்டது. பிறகு டெட் தேறியவர்களுக்கு முன்னுரிமை என்று விதிமுறைகள் வந்தன. குழுவில் பெரும்பாலோர் பெற்றோர்தானே, அவர்கள் நியாயமாகத்தானே தேர்வு செய்வார்கள் என்று என் நண்பர் ஒருவர் வாதாடினார். சட்டப்படி நான்கில் மூன்று பங்கு பெற்றோர், உண்மைதான். ஆனால் அந்தப் பெற்றோர் யார்? நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மா. வீடு கட்டும் திட்டத்தில் பேர் வர வேண்டும் என்று காத்திருக்கிற அப்பா. ஊர்ப் பெரிய மனிதர் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் அவர்கள் எப்படிக் கை தூக்காமல் இருப்பார்கள்? அரசுச் சம்பளம் வாங்கிய நானே தூக்கியவன்.

தற்காலிகம் என்பது எத்தனை காலம் என்பதையும் பாருங்கள். ஓவியம், உடற்பயிற்சி, தையல் எல்லாம் சொல்லிக் கொடுக்க 2012-ல் 16,549 பேரைப் பகுதி நேரமாக 5,000 ரூபாயில் சேர்த்தார்கள். 2021 தேர்தலில் தி.மு.க. அவர்களை நிரந்தரமாக்குவதாக வாக்குறுதி கொடுத்தது. அதன் பிறகும் அவர்கள் சென்னையில் போய் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. இத்தனை வருடம் வேலை நிச்சயமில்லாமல் இருக்கிற மனிதர் எந்தக் கட்சிக்காரரை எதிர்த்துப் பேசுவார்? அவர்களைக் குறை சொல்லவில்லை. அப்படி வைத்திருப்பதில் யாருக்கு லாபம் என்றுதான் கேட்கிறேன்.

நிரந்தர வேலையிலும் ஊழல் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஹரியானாவில் 3,206 ஆரம்பப் பள்ளி ஆசிரியர் நியமனத்தில் மதிப்பெண் பட்டியலையே மாற்றிவிட்டார்கள். முன்னாள் முதல்வர் ஓம் பிரகாஷ் சௌதாலாவுக்கும் அவர் மகனுக்கும் 2013-ல் பத்து ஆண்டு சிறை. மேற்கு வங்கத்தில் கல்வி அமைச்சராக இருந்த பார்த்தா சாட்டர்ஜி 2022-ல் கைதானார். அவருக்கு நெருக்கமானவர் வீடுகளில் கட்டுக்கட்டாகப் பணம் எடுத்ததை டி.வி.யில் பார்த்தோம். நம் ஊரிலும் 2017-ல் பாலிடெக்னிக் விரிவுரையாளர் தேர்வில் மதிப்பெண்ணை ஏற்றிவிட்டு, மாட்டிக்கொண்டு, தேர்வையே ரத்து செய்தார்கள்.

இந்த மூன்றும் எப்படி வெளியே வந்தது? ஒரு பட்டியல் இருந்தது. ஒரு விடைத்தாள் இருந்தது. போட்ட மதிப்பெண்ணும் இருக்க வேண்டிய மதிப்பெண்ணும் பொருந்தவில்லை. வங்காளத்தில் அசல் விடைத்தாள்களை அழித்துவிட்டதால் நல்லவர் யார், காசு கொடுத்தவர் யார் என்று பிரிக்கவே முடியாமல், 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 25,753 பேர் நியமனத்தையும் மொத்தமாக ரத்து செய்தது. உழைத்துப் படித்துத் தேறியவர் நியமனமும் ரத்தானது. காகிதம் காணாமல் போனால் நேர்மையானவனுக்கும் கதி அதுதான். என் பள்ளியில் என்ன காகிதம் இருக்கிறது? கடிதம் திரும்பிப் போய்விட்டது. அந்தப் பெண் நடத்திய பாடத்துக்கு நான் மதிப்பெண்ணே போட்டு வைக்கவில்லை. "ஏகமனதாக" என்ற ஒரு சொல்தான் பாக்கி.

ஒவ்வொரு வருடமும் மே மாதத்தில் எத்தனை பேர் ஓய்வு பெறுவார்கள் என்பது அரசுக்கு முன்கூட்டியே தெரியும். பிறந்த தேதி பணிப் பதிவேட்டில் இருக்கிறது. ஜூனுக்குள் ஆள் போட முடியாததற்கு நான் ஏற்கும் காரணம் எதுவும் இல்லை. அதுவரை தற்காலிக ஆள்தான் கதி என்றால், விண்ணப்பித்தவர் எல்லோர் பெயரும், அவரவர் மதிப்பெண்ணும், பாடம் நடத்திக் காட்டியதற்கு யார் எவ்வளவு போட்டார் என்பதும் பள்ளி வாசலில் ஒட்டப்பட வேண்டும். சிபாரிசு வந்தால் அதையும் கோப்பில் வைக்க வேண்டும். திருப்பிக் கொடுக்கக் கூடாது.

அந்தப் பெண் இப்போது புதுச்சேரியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு எடுக்கிறாள். போன வருடம் கிளியனூரில் பஸ்ஸில் பார்த்தேன். எழுந்து இடம் கொடுத்தாள். ஊர்க்கதை எல்லாம் பேசினோம், அதைப் பற்றி மட்டும் பேசவில்லை.

எங்கள் ஊர்ப் பள்ளியில் இந்த வருடமும் இரண்டு இடம் காலி என்று கேள்விப்பட்டேன். அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கும் அன்று போய், பட்டியலை ஒட்டச் சொல்லப் போகிறேன். தலைமை ஆசிரியர் என்னிடம் படித்தவர். என்னைப் பார்த்ததும் நாற்காலி போடச் சொல்வார், டீ வாங்கி வரச் சொல்வார். பட்டியல் என்றதும் என்ன சொல்வார் என்று தெரியவில்லை.