மாநிறத்துக்கு ஒரு குப்பி

ஆங்கிலத்தில் 'ஃபிளெஷ்' என்று ஒட்டியிருக்கும் வண்ணக் குப்பியைத் தமிழில் என்னவென்று சொல்வது? சதை நிறம் என்றால் கசாப்புக் கடை நினைவுக்கு வருகிறது. தோல் நிறம் என்றால், யாருடைய தோல் என்ற கேள்வி எழுகிறது. மொழிபெயர்ப்பில் காலம் தள்ளும் எனக்கு இந்தச் சங்கடத்தைக் கொண்டுவந்தவர் பக்கத்து லைனில் இருக்கும் கல்லூரி மாணவர். சின்னச் சின்ன உருவங்களுக்கு வண்ணம் தீட்டுவதில் பித்து அவருக்கு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்த ஒரு சாண் உயர அம்பேத்கரையும், இரண்டு அங்குலத்தில் தலைவிளக்கோடு நிற்கும் பிளாஸ்டிக் சுரங்கத் தொழிலாளி ஒருவரையும் மேசையில் வைத்துவிட்டு, "எந்தக் கம்பெனி அக்ரிலிக் வாங்கலாம், அண்ணா?" என்றார்.

கோலார் தங்கவயலின் லைன் வீடுகளில் சுவரோடு ஒரு பலகை இருக்கும். அதில் மாதாவோ முருகனோ. பக்கத்தில் நீலக் கோட்டுடன் அம்பேத்கர். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்த பிறகு வட ஆற்காட்டிலிருந்து வந்து பூமிக்குள் இறங்கியவர்களின் வாரிசுகள் வாழும் வீடுகள் இவை. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. பிழைப்பு பெங்களூர் ரயிலேறிவிட்டது. பலகை அப்படியே இருக்கிறது. ஆனால் அதில் நிற்கும் அம்பேத்கருக்குப் பல வீடுகளில் முகம் ரோஜா நிறம். வேண்டுமென்று யாரும் செய்ததல்ல. 'தோல்' என்று எழுதிய குப்பிக்குள் இருந்தது அந்த நிறம்தான்.

அக்ரிலிக் என்பது அடிப்படையில் நீரில் மிதக்கும் பிளாஸ்டிக் துளிகளும் வண்ணப் பொடியும். நீர் ஆவியானதும் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடும்; பிறகு தண்ணீர் பட்டாலும் கரையாது. நீரில் கலக்கும் இந்த வகையை ஓவியர்களுக்காக அமெரிக்காவில் 'லிக்விடெக்ஸ்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது 1955-இல். எனாமலின் டர்பன்டைன் நெடியும் கண்ணைக் கூசும் பளபளப்பும் இதில் இல்லை.

இனி கடைக்குப் போவோம். நம் ஊர் ஸ்டேஷனரிக் கடையில் கிடைப்பவை இரண்டு: பிடிலைட் கம்பெனியின் ஃபெவிக்ரில், கேம்லினின் கேமல். துணி, மண்பானை, மரம், கேன்வாஸ் என்று பெரிய பரப்பை மனதில் வைத்துச் செய்தவை. கெட்டியாக இருக்கும். கண்ணும் மூக்கும் மிளகளவு இருக்கும் உருவத்தில் அப்படியே பூசினால் முகம் மழுங்கிவிடும். தண்ணீரை நிறைய ஊற்றி இளக்கினாலோ பிடிப்பு குறைந்து சுண்ணாம்பு போல உதிரும். ஒரு பங்கு வண்ணத்துக்கு அரைப் பங்கு நீர், மெல்லிய பூச்சாக மூன்று முறை: இது பொறுமைசாலிகளுக்கான வழி.

வெளிநாட்டுச் சரக்கு வேறு ஜாதி. (இந்த ஊரில் இந்தச் சொல்லை யோசித்துத்தான் எழுத வேண்டும்.) பொம்மைக்கென்றே நுணுக்கமாக அரைத்த வண்ணம். ஸ்பெயினின் வயேஹோ சொட்டு சொட்டாக விழும் குப்பியில் வருகிறது. வீணாவது குறைவு, கலக்கும்போது சொட்டுகளை எண்ணிக்கொள்ளலாம். இங்கிலாந்தின் சிட்டாடல் மூடி திறக்கும் டப்பி. நன்றாக மூடாவிட்டால் உலர்ந்துவிடும். ஜப்பானின் டாமியா அக்ரிலிக் என்ற பெயரில் வந்தாலும் ஆல்கஹால் கலந்தது. ஸ்பிரே துப்பாக்கிக்கு அருமை. தூரிகையில் இரண்டாம் பூச்சு முதல் பூச்சைக் கிளறிவிடும். ஒரு வயேஹோ விலைக்கு உள்ளூர்க் குப்பி ஏழெட்டு வாங்கலாம் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

மாணவருக்கு நான் சொன்னது இதுதான். பிளாஸ்டர் சிலை தண்ணீரை உறிஞ்சும். நீர்த்த ஃபெவிகால் ஒரு கை பூசிக் காயவிட்டால் உள்ளூர் வண்ணமே போதும். இரண்டு அங்குல பிளாஸ்டிக் உருவத்துக்கு முதலில் பிரைமர். பிறகு காசு இருந்தால் வயேஹோவில் நாலே நாலு குப்பி. வெள்ளை, கறுப்பு, காவி மஞ்சள், செம்பழுப்பு.

அந்த நாலில் 'ஃபிளெஷ்' சேராது. டாமியாவின் 'ஃபிளாட் ஃபிளெஷ்' வெள்ளைக்காரத் தோல். வயேஹோவிலும் அதே பெயரில் உள்ளது அதே கதைதான். சிட்டாடலில் முன்பு 'எல்ஃப் ஃபிளெஷ்', 'டுவார்ஃப் ஃபிளெஷ்' என்று இருந்தன. குட்டிச்சாத்தான்களுக்குக்கூடத் தனித்தனித் தோல் கொடுத்தவர்கள்! இப்போது கறுப்பு, பழுப்புத் தோல்களுக்கும் குப்பிகள் வந்துவிட்டன, மறுக்கவில்லை. அமெரிக்காவின் கிரேயோலா 1962-லேயே தன் 'ஃபிளெஷ்' கிரேயானுக்கு 'பீச்' என்று பெயர் மாற்றியது. பழத்தின் பெயர் யாரையும் புண்படுத்தாது.

தமிழுக்கு அந்தச் சிரமமே வேண்டாம். மாமை என்று சங்கப் பாடல்கள் சொல்வது மாந்தளிரின் நிறம். மாநிறம் என்று இன்றும் பெண் பார்க்கும் வீட்டில் கொஞ்சம் தயங்கிச் சொல்கிறோமே, அது. தளிரை உற்றுப் பாருங்கள்: செம்பழுப்பு, உள்ளே மஞ்சள், நிழலில் ஒரு நீலம். கடையில் கேட்க வேண்டியது பர்ன்ட் சியன்னா இரண்டு பங்கு, யெல்லோ ஆக்கர் ஒரு பங்கு, அல்ட்ராமரீன் நீலம் ஊசிமுனை அளவு. மூக்குத்தண்டு, கன்ன மேடுகளுக்கு மட்டும் துளி வெள்ளை. நிழலுக்குக் கறுப்பைச் சேர்த்தால் முகம் செத்துவிடும். நீலத்தையே கொஞ்சம் கூட்டுங்கள். ஈரத்தில் வெளுத்துத் தெரிந்து, காய்ந்ததும் ஒரு படி கறுக்கும் என்பதால் சிலையில் வைக்குமுன் ஒரு காகிதத்தில் தடவிக் காயவிட்டுப் பார்ப்பது நல்லது.

கோட்டுக்கும் அதே அல்ட்ராமரீன். துணிக்குப் போடும் ராபின் புளூவின் உறவுக்காரன். தனியாகப் பூசினால் அடியிலிருக்கும் வெள்ளை தெரியும். பிரஷ்யன் நீலம் கொஞ்சம் கலக்கலாம். அதிகமானால் போலீஸ் ஜீப் மாதிரி ஆகிவிடும் என்றார் மாணவர். அவர் கண் நல்ல கண்.

சுரங்கத் தொழிலாளியின் காலடியில் ஒட்ட சைனைடு மேட்டிலிருந்து நிஜமான மணலே ஒரு பிடி அள்ளி வரலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். காற்றில் பறக்கும் அந்தத் தூசியைத்தான் ஊரே சுவாசித்துக்கொண்டிருக்கிறது; வீட்டுக்குள்ளும் எதற்கு? ஆற்று மணலைச் சலித்து ஒட்டி, வெள்ளையில் காவி மஞ்சளும் துளி கறுப்பும் கலந்து இரண்டு கை கொடுக்கச் சொன்னேன். சாயங்கால வெளிச்சத்தில் மேடு இருக்குமே, அந்த நிறம் வந்துவிடும்.