கம்ப்யூட்டர் வந்தாச்சு, வாய்தா போச்சா?

இ-கோர்ட்ஸ் திட்டம் 2007-ல் ஆரம்பித்தது. அதன் மூன்றாம் கட்டத்துக்கு 2023-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த தொகை 7,210 கோடி ரூபாய். கோர்ட் கம்ப்யூட்டர்மயமானால் புதுப்புதுத் தொழில்கள் கொழிக்கும் என்கிறார்கள். எப்படிங்க கொழிக்கும்?

முதலில் கோர்ட்டுக்கும் புதுத் தொழிலுக்கும் என்ன சம்பந்தம்னு பார்ப்போம். புதுசா ஒரு பொருள் செய்கிறவன் முன்பின் தெரியாதவர்களிடம் வியாபாரம் பண்ணியாகணும். கடனுக்குச் சரக்கு கொடுக்கணும். பணம் வராவிட்டால் கோர்ட் வாங்கித் தரும் என்று நம்பினால்தான் அந்தத் துணிச்சல் வரும். இல்லையென்றால் மாமன், மச்சான், ஊர்க்காரன் என்ற வட்டத்துக்குள்ளேயே பழைய சரக்கை விற்றுக்கொண்டிருப்பான். பயத்தில் ஆரம்பிக்காமலே விட்ட தொழில் எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் வராது!

உலக வங்கியின் 2020 அறிக்கைப்படி, ஒப்பந்த வழக்கு ஒன்று முடிய இந்தியாவில் 1,445 நாள். சிங்கப்பூரில் 164 நாள். (தரவுக் குளறுபடியால் அந்த அறிக்கையையே 2021-ல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் நம்ம ஊர் கோர்ட் படி ஏறியவர் யாரும் 1,445-ஐ மிகை என்று சொல்லமாட்டார்.)

"சிங்கப்பூரில் எல்லாம் கம்ப்யூட்டர் சார்" என்பார்கள். அங்கே நடந்த வரிசையே வேறு. 1990-ல் தலைமை நீதிபதியான யோங் பங் ஹாவ் முதலில் தேங்கிக் கிடந்த வழக்குகளைத் தீர்த்தார், வாய்தாவுக்குக் கடிவாளம் போட்டார். மின்தாக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது.

நாம்? முன்பு வக்கீல் குமாஸ்தா சொன்ன அடுத்த வாய்தா தேதியை இப்போது எஸ்.எம்.எஸ். சொல்கிறது. அவ்வளவுதான். வாய்தா மட்டும் அப்படியே இருக்கிறது.

சிவில் நடைமுறைச் சட்டத்தின் 17-ஆவது கட்டளைப்படி, விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று தடவைக்கு மேல் வாய்தா கூடாது. மிக அபூர்வமான நிலைமையில் மட்டும் தரலாம் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அபூர்வம் அன்றாடமாகிவிட்டது. மூன்று வரை எண்ண கம்ப்யூட்டருக்குத் தெரியாதா என்ன? நான்காவது வாய்தாவா? யார் கேட்டார், ஏன், எவ்வளவு செலவுத்தொகை என்று பதியாமல் அடுத்த தேதி ஏறாது என ஒரு பூட்டு போடுங்கள். அதை எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள்.

நீதிபதிகள் போதவில்லை என்பதும் நிஜம்தான். காலியிடங்களை நிரப்பத்தான் வேண்டும். ஆனால் இருக்கிற நீதிபதியின் நேரத்தைத் தின்கிற வாய்தாவை விட்டுவிட்டு, பழைய கட்டுகளை ஸ்கேன் செய்வதையே சீர்திருத்தம் என்று சொல்லாதீர்கள். தாமதத்தைத் திரையில் காட்டினால் அது வேகமாகிவிடாது.