கதவு சாத்திய அறை



ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளுக்குத் தலைவாரி, மகனுக்குச் சட்டைப் பொத்தானை மாட்டி, இருவரையும் ஞாயிறுப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறோம். "பாஸ்டர் ஐயா சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள்" என்று புத்திமதியும் சொல்கிறோம். பிறகு என்ன நடக்கிறது? ஆறு நாள் வேலை செய்த அலுப்பில் அப்பா பாயில் புரளுகிறார். அம்மாவுக்கோ துவைக்கிற துணி குவிந்து கிடக்கிறது. சில ஆண்டுகள் போனதும், மீசை அரும்பிய மகன் ஒருநாள் கேட்கிறான்: "அப்பா வருவதில்லையே, நான் மட்டும் எதற்குப் போகவேண்டும்?" அதற்கு நம்மிடம் பதில் இருக்கிறதா?

"விடியுமுன் பெரட்டுக்கு ஓடுகிற நமக்கு இதற்கெல்லாம் நேரமேது?" என்பீர்கள். நம்மைப் போலவே கையுழைப்பால் பிழைத்த ஒரு தகப்பனைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஏறக்குறைய 190 ஆண்டுகளுக்கு முன், ஸ்காட்லாந்து நாட்டில் டோர்தோர்வால்ட் என்ற சிற்றூரில் ஜேம்ஸ் பேட்டன் என்பவர் வாழ்ந்தார். காலுறை பின்னுவது அவர் தொழில். அவருக்குப் பிள்ளைகள் 11 பேர். வீட்டின் ஒரு பக்கம் சமையலறை, மறுபக்கம் தறிகள். நடுவில் ஒரு கட்டிலும் சிறு மேசையும் நாற்காலியும் மட்டுமே கொள்ளும் ஓர் அறை. நாள்தோறும், பெரும்பாலும் சாப்பாடு முடிந்ததும், அவர் அதற்குள் சென்று கதவைச் சாத்திக்கொள்வார். தங்களுக்காகத்தான் அப்பா ஜெபிக்கிறார் என்று பிள்ளைகள் தாமாகவே புரிந்துகொண்டார்கள். அந்தக் கதவைச் சத்தமில்லாமல் கடந்து போவார்கள்.

கோயில் இருந்த ஊர் 4 மைல் தூரம். நாற்பது ஆண்டுகளில் அவர் போகமுடியாமல் நின்றது மூன்றே முறை. ஒருமுறை ஆழமான பனி வழிமறித்தது. ஒருமுறை உறைபனி வழுக்கி, கையும் முழங்காலுமாகத் தவழ்ந்து வீடு திரும்பினார். மற்றொரு முறை அந்த ஊரில் காலரா பரவியிருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிள்ளைகள் பெரிய தப்பு செய்துவிட்டால் அவர் உடனே கையை ஓங்கமாட்டார். முதலில் அந்த அறைக்குள் போய், அந்தத் தப்பைக் கடவுளிடம் சொல்லி ஜெபிப்பார். வெளியே காத்திருந்த பிள்ளைகளுக்கு அடியைவிட அதுதான் பெரிய தண்டனையாக இருந்ததாம். கோபம் தலைக்கேறியதும் ரோத்தானைத் தேடுகிற நாம் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

மூத்த மகன் ஜான் படிப்புக்காகக் கிளாஸ்கோ நகருக்குப் புறப்பட்டபோது, தகப்பன் 6 மைல் கூடவே நடந்து போனார். கடைசிப் பகுதியில் பேச்சு வரவில்லை. தொப்பியைக் கையில் பிடித்தபடி, உதடுகள் மட்டும் மகனுக்காக அசைந்துகொண்டிருந்தன. அந்த ஜான் 1858-ஆம் ஆண்டில், இன்று வனுவாட்டு எனப்படும் தீவுகளுக்கு ஊழியம் செய்யச் சென்றார். அடுத்த ஆண்டே மனைவியையும் பச்சைக் குழந்தையையும் தம் கையாலேயே குழிதோண்டி அடக்கம் செய்தார். அப்போதும் அவர் விசுவாசம் அணையவில்லை. முதிய வயதில் தம் வாழ்க்கையை எழுதியபோது, அப்பாவின் அந்தச் சிறிய அறையைத்தான் நன்றியோடு நினைத்துக்கொண்டார்.

பெற்றோர் ஜெபித்தால் எல்லாப் பிள்ளையும் நல்ல பிள்ளையாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. தேவபக்தியுள்ள வீட்டிலும் வழிதவறிய பிள்ளைகள் உண்டு. ஆனால் தடுமாறுகிற பிள்ளை ஒருநாள் திரும்பிப் பார்க்கும்போது, பார்ப்பதற்கு ஏதாவது இருக்கவேண்டாமா?

நம் வீட்டில் தனி அறை இல்லாவிட்டால் பரவாயில்லை. அடுப்பங்கரை மூலை போதும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் எல்லாரும் உட்காருங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளை வேதத்தை வாசிக்கட்டும். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லி ஜெபியுங்கள். அன்று காரணமில்லாமல் ஏசியிருந்தால், "அப்பா செய்தது தப்பு, மன்னித்துக்கொள்" என்று அவர்கள் முன்னாலேயே சொல்லுங்கள். அதனால் உங்கள் மரியாதை குறையாது.

வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அனுப்பாதீர்கள், ஐயா. கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போங்கள்.