தாய் ஒருத்தி தடுத்தால் போதாது

காம்பியாவில் மகளுக்குப் பிறப்புறுப்புச் சிதைப்பு என்னும் கொடுமை வேண்டாம் என்று தாய் உறுதியாக இருந்தாலும், பல வீடுகளில் முடிவு மாமியார் கையில். தாய் சந்தைக்குப் போன நேரத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால் அவள் என்ன செய்வாள்?

அங்கே 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 73 சதவீதம் பேர் அதற்கு ஆளானவர்கள். 2015-இல் தடைச் சட்டம் வந்தது. 2023-இல் அதன்கீழ் மூன்று பெண்கள் தண்டிக்கப்பட்டபோது, அவர்களின் அபராதத்தைக் கட்ட ஓர் இமாமே முன்வந்தார். அடுத்த ஆண்டு தடையை நீக்க மசோதா! பாதிக்கப்பட்ட பெண்களே அதை எதிர்த்து முன்னின்று போராடினார்கள். 2024 ஜூலையில் நாடாளுமன்றம் அதை நிராகரித்தது.

“ஜெயிலுக்குப் போக நேரும், அத்தை” என்று மருமகள் சொல்ல முடிவது இந்தச் சட்டத்தால்தான். ஆனால் கணவனோ, பெண்கள் விவகாரம் என்று ஒதுங்கிவிடுகிறான்.

தெரிந்தும் புகார் செய்யாதவருக்கு 10,000 தலாசி அபராதம் என்கிறது அதே சட்டம். முதலில் அதை வாய்மூடி நிற்கும் தந்தையர் மீது பாய்ச்ச வேண்டும்.