உடல் மறந்துவிடும் நஞ்சு

தடயவியல் படிக்க விரும்பும் மாணவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். தொலைக்காட்சித் தொடர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். இரத்தக் கறை, கைரேகை என்று ஆர்வமாகப் பேசுவார்கள். அவர்களிடம் நான் சொல்லும் வழக்கில் கத்தியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை.

முதல் உலகப் போர்க் காலத்தில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், இளம்பெண்கள் கடிகார எண்களுக்கு ரேடியம் கலந்த சாயம் தீட்டினார்கள். எண்கள் இருட்டில் ஒளிரும். தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ரேடியம் வயிற்றுக்குள் போனது. தனிம அட்டவணையில் ரேடியம் கால்சியத்தின் தொகுதியைச் சேர்ந்தது. அதனால் உடல் அதை எலும்பில் சேர்த்துவிடும். தாடை எலும்பு சிதைந்து 1922இல் இறந்த ஒரு பெண்ணுக்கு, சிபிலிஸ் என்னும் பால்வினை நோய் என்று சான்றிதழ் எழுதினார்கள். 1927 அக்டோபரில் அவர் உடலைத் தோண்டியெடுத்து, எலும்புகளை எக்ஸ்ரே படச்சுருளோடு இருட்டறையில் வைத்தார்கள். படச்சுருளில் வெள்ளைத் திட்டுகள் விழுந்தன. பால்வினை நோயின் சுவடே இல்லை. அந்தக் குடும்பம் ஐந்து ஆண்டுகள் சுமந்த பழி அது. சக தொழிலாளர்கள் தொடுத்த வழக்கு 1928இல் இழப்பீட்டோடு முடிந்தது.

ரேடியம் பாதியாகக் குறைய 1,600 ஆண்டுகள் ஆகும். அதனால் சாட்சி மண்ணுக்குள்ளும் காத்திருந்தது. நம் தோட்டப்புறங்களில் முதுகில் தோம்பைச் சுமந்து பாராகுவாட் களைக்கொல்லி அடித்த பெண்களுக்கு அந்த வசதி இல்லை. சிறுநீரகம் நன்றாக இருந்தால் அதன் பெரும்பகுதி ஓரிரு நாளில் வெளியேறிவிடும். நகம் உதிரும், மூக்கில் இரத்தம் வரும்; நாளடைவில் அதுவும் ஆறிவிடும். மலேசியா 2002இல் தடை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, 2020 ஜனவரி 1 முதல்தான் முழுமையாகத் தடை செய்தது. அந்த இடைவெளிக்கு யார் பதில் சொல்வது என்று நான் கேட்காமல் இருக்க முடியவில்லை.

உடலில் தடயம் தங்காதபோது அது காகிதத்தில் இருக்க வேண்டும். நோயாளியிடம் அவர் தொழிலைக் கேளுங்கள் என்று இத்தாலிய மருத்துவர் ரமாசினி 1700இலேயே எழுதிவிட்டார். இரசாயனப் பதிவேடு வைக்க வேண்டும் என்று நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் விதிமுறைகள் முதலாளிகளுக்குச் சொல்கின்றன. தொழில்சார் நோய்க்கு சொக்சோவில் இழப்பீடும் உண்டு. ஆனால் நோய் வேலையால் வந்தது என்று காட்ட வேண்டுமே! கிளினிக் அட்டையில் பெயருக்கும் வயதுக்கும் அடுத்து, செய்யும் வேலையும் கையாளும் மருந்தும் கட்டாயமாக எழுதப்பட வேண்டும் என்பது என் கருத்து.

தோட்டத்தில் மருந்தடித்த என் அத்தையிடம் போன தீபாவளிக்கு இதைக் கேட்டேன். நகம் கழன்ற விரலைக் காட்டினார். அப்போது கிளினிக்கில் களிம்பு கொடுத்தார்களாம், வேலையைப் பற்றி யாரும் கேட்கவில்லையாம். மருந்தின் பெயர் என்ன என்றேன். "பச்சையா இருக்கும்பா, அந்த மருந்துதான்" என்றார்.